பல்லி சொன்ன பலன்

எடை குறைய, டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்திருக்கிறார். என் கணவரோ, "நாக்கை அடக்கத் தெரியாதவங்களுக்குத்தான் ஊசி" என்று கேலி செய்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, காரைக்குடி

அவர் பிரஷருக்கு மாத்திரை போடுகிறாரா? போட்டால், "உப்பை அடக்கத் தெரியாதவர்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்களேன்!

இதய நோயும் அதிக எடையும் உள்ளவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை செமாக்ளுடைட் என்ற எடை குறைப்பு ஊசி 20 சதவீதம் குறைத்தது. முடிவு 2023இல் வெளியானது. வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய், உங்களுக்குக் கணைய வீக்கம் வந்ததுண்டு என்றால், முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த ஊசியெல்லாம் பல்லி விஷமாமே?
– வாசகர், திருச்சி

விஷமல்ல, யோசனை. அமெரிக்கப் பாலைவனத்து கீலா மான்ஸ்டர் என்ற பல்லியின் விஷத்தில் கிடைத்த ஒரு பொருளைப் பார்த்துச் செய்த எக்ஸெனடைட், 2005இல் சர்க்கரை நோய்க்கு மருந்தாக வந்தது. இன்றைய ஊசிகள் அதன் தம்பிகள். அந்தப் பல்லி ஆண்டுக்குச் சில வேளைதான் சாப்பிடுமாம்!

நிறுத்திவிட்டால்?
– வாசகர், மதுரை

பசி திரும்பி வரும், கூடவே எடையும். ஓர் ஆய்வில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பிவிட்டது.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். நாலு கிலோ குறைய எனக்கும் ஊசி?
– வாசகி, சேலம்

தையல்காரரிடம் இருக்கிறதே!