முழங்கை மகாத்மியம்
(வாசனைப் பயிலரங்கம் புகுவார்க்கு ஓர் ஆராய்ச்சி முன்னுரை)

வாசனைத் திரவியம் கூட்டக் கற்பிக்கும் பயிலரங்கங்கள் நகரங்கள்தோறும் மலிந்துவிட்ட இக்காலத்தில், அங்கே செல்வோர் தம் மூக்கைப் பற்றியே விசாரப்பட்டு, அதனினும் இன்றியமையாத மற்றோர் அவயவத்தை அறவே மறந்துவிடுகின்றனர் என்பது எமது நெடுநாளைய மனக்குறை. அவ்வவயவம் முழங்கை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் காற்றைச் சுவாசித்து வாழும் மதுரைவாசியாகிய எமக்கு இவ்வுண்மை புலப்பட்டதில் வியப்பில்லை. பிறருக்குப் புலப்படாததே வியப்பு.

முதற்கண் அரங்கின் லட்சணம். மேசைமீது சிறு குப்பிகள் வரிசையாக நிற்க, காகிதக் கீற்றுகளின் நுனியை ஒவ்வொன்றிலும் தோய்த்து, பெயரெழுதி, முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். மணங்கள் மூவகைப்படும்: பந்தியில் கைகழுவியதும் புறப்பட்டுவிடும் விருந்தாளிபோல் சில நிமிஷங்களில் மறையும் எலுமிச்சை, ஆரஞ்சு முதலான தலைமணம்; தாம்பூலம் வாங்கும்வரை இருப்பவர்போல் சில மணிநேரம் தங்கும் மல்லிகை, ரோஜா முதலான நடுமணம்; மறுவீடு முடிந்தும் பெட்டி கட்டாத தூரத்து உறவினர்போல் மறுநாளும் சட்டையை விட்டகலாத சந்தனம், வெட்டிவேர் முதலான அடிமணம்.

மல்லிகைக் குப்பியின் விலை கேட்டு மயங்க வேண்டா. ஆயிரம் கிலோ பூவைக் கரைப்பானிலிட்டால் இரண்டு மூன்று கிலோ மெழுகே மிஞ்சும். அதையும் சாராயத்தில் கழுவி வடித்த பின்னரே குப்பிக்குரிய சாரம் கிட்டும். அச்சாரத்துள் இண்டோல் என்றொரு பொருள் உண்டு. மலத்திலும் அதுவே உண்டென்று ஆசிரியர் அறிவித்ததும் அரங்கில் சிறிது நேரம் மௌனம் நிலவும்.

ஏழெட்டுக் கீற்றுகளுக்குப் பின் மூக்கு ஸ்தம்பித்துவிடும். அப்போது காப்பிக்கொட்டைக் கிண்ணத்தை நீட்டுவார்கள். வெறுங்காற்றினும் அதற்கு விசேஷ சக்தி இல்லையென்பது பரிசோதனையில் கண்ட முடிவு. தேர்ந்தவர்களோ தம் முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்து, தமக்குப் பழகிய சொந்த வாசனையில் நாசியை இளைப்பாற விடுவார்கள். எம் சித்தாந்தத்தின் முதற் பிரமாணம் இது.

மூக்கே பிரதானம் என்பார் பூர்வபட்சத்தார். பிரான்சு தேசத்துக் கிராஸ் நகரில் 1946-இல் வாசனைக் கலைக்கெனப் பள்ளி நிறுவிய ழான் கார்ல், மோப்ப சக்தியை இழந்த பின்னும் ஞாபகத்தைக் கொண்டே திரவியங்களைச் சமைத்தார் என்பர். மூக்கின்றியும் இக்கலை நடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? முழங்கையின்றி நடந்ததாக எவரும் எழுதியதில்லை.

இரண்டாம் பிரமாணம் எமது தெருமுனையில் அமர்ந்திருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, விடியலில் மொட்டாகக் கொய்யப்பட்டு, கொய்த பின்னும் உயிரடங்காமல் அந்திக்கு விரிந்து மணப்பது. அதனைப் பூக்காரம்மாள் நனைத்த வாழைநாரில், விரலைப் பாராமலே, இரண்டிரண்டாய் எதிரெதிர் வைத்து முடிச்சிடுகிறாள். பிறகு சரத்தின் நுனியை முழங்கையில் ஊன்றி நடுவிரல் நுனிவரை இழுத்து, முழமென்று அறுத்து இலையில் மடிக்கிறாள். கை குட்டையானவளிடம் வாங்குவதா, நீண்டவளிடம் வாங்குவதா என்பதில் எமது வீதியில் தலைமுறை தலைமுறையாக வாதம் நடக்கிறது. ஆக, மணத்தை முகர்வதற்கும் அளப்பதற்கும் முழங்கையே ஆதாரம் என்பது சித்தம்.

பயிலரங்கின் முடிவில் துளித்துளியாய் எண்ணிக் கூட்டிய கலவையைச் சாராயத்தில் கரைத்து, ஒரு சிறு குப்பியில் அடைத்து, சில வாரம் இருட்டில் வைக்குமாறு சொல்லித் தருவார்கள். எமக்கோ அத்தனை பொறுமையில்லை. சித்தாந்தத்துக்கு மரியாதை செய்வான்போல் இரு முழங்கை மடிப்புகளிலும் தடவிக்கொண்டு, அந்தியில் வீடு புகுந்தோம். வாசலில் நின்ற மனையாள் எம் கைகளைப் பார்த்தாள், இலைப்பொட்டலம் இல்லை. நெருங்கி வந்து முகர்ந்தாள்.

“ஒரு முழம் பூ வாங்கிட்டு வாங்கன்னு காலையிலயே சொன்னேன். முழங்கையில தடவிக்கிட்டு வந்து நிக்கிறீகளே!”

எம் சித்தாந்தத்துக்கு இதுகாறும் எழுந்த ஆட்சேபங்களுள் விடையிறுக்க இயலாதது இஃதொன்றே.