காருக்கும் ஒரு மடி

தூசியைத் தூசி என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறவர்களை எங்கள் குடியிருப்பில் இருக்கும் கார்க்காரர் ஒருவர் மன்னிப்பதே இல்லை. காலையில் உலாவப் போகிற மனிதன் ஒருவன், "என்ன சார், வண்டியெல்லாம் ஒரே தூசியாக இருக்கிறதே!" என்று உபசாரமாக ஒரு வார்த்தை சொல்லி, அத்துடன் நில்லாமல், ஆள்காட்டி விரலால் பானெட்டின் மேல் ஒரு கோடும் இழுத்துக் காட்டிவிட்டானானால், அன்றைய உலாவல் அவ்வளவுதான். அவனை முழங்கையைப் பிடித்து நிறுத்தி, அவன் இழுத்தது கோடு அன்று, கீறல் என்பதையும், அது உண்டாவதற்கான பூகர்ப்ப சாஸ்திர காரணங்களையும் அவர் சாங்கோபாங்கமாக விளக்கி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டிருக்கும்.

அவர் சொல்வதில் பொய் ஒன்றுகூட இல்லை என்பதுதான் நம்முடைய துரதிருஷ்டம். சென்னைத் தூசியில் மணல் உண்டு. மணலில் பெரும்பாலும் குவார்ட்ஸ். 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தியபோது ஏழாம் ஸ்தானத்தில் வைத்த அந்த வஸ்து, எஃகுக் கத்தியைவிடக் கடினமானது. காருக்குப் பளபளப்பைத் தருவதோ, வர்ணத்துக்கு மேலே பூசியிருக்கும் நிறமற்ற மெல்லிய படலம். அதன் கனம் ஏறத்தாழ 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பாகம். இந்தப் படலத்தின் மேல் அந்த மணலை வைத்து, உலர்ந்த துணியால் வட்ட வட்டமாகத் தேய்க்கிறவன் காரைத் துடைக்கவில்லை, அரைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவர் சொன்னால், மறுத்துப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது? நம்முடைய வண்டியை வெயிலில் நிறுத்தி, சூரிய பிம்பம் விழுகிற இடத்தைச் சுற்றிக் கதவில் தெரியும் மெல்லிய வளையங்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டி, "எல்லாம் உங்கள் கைவண்ணம்" என்று அநுதாபத்தோடு தலையசைக்கிறாரே, அந்த அநுதாபத்தைத்தான் தாங்க முடிவதில்லை.

ஆனால், அவருடைய மகிமையை முழுவதும் அறிய வேண்டுமானால் அவருடைய துணிகளை அறிய வேண்டும். ஆசாரமான வீடுகளில் பாட்டிமார்கள் மடித்துணியைக் கொம்பினால் உயரக் கொடியில் உலர்த்தி, பேரன்மாரின் கை பட்டுவிடாமல் காவல் காத்த சிரத்தையைப் பார்த்தவர்களுக்கு, மொட்டை மாடியில் தனிக் கொடி கட்டி இவர் தம்முடைய மைக்ரோஃபைபர் துணிகளை உலர்த்தும் காட்சி புதிதாக இராது. மேற்கூரைக்கு உரிய துணி கதவுக்கு இறங்காது. கதவின் அடிப்பாகத்துக்கு உரியது மேலே ஏறாது. தரையில் விழுந்த துணியோ, அதில் மண் ஒட்டியிருந்தாலும் ஒட்டாவிட்டாலும், அந்தக் கணமே பதவி இழந்து முதலில் சக்கரத்துக்கும், பிறகு எஞ்சினுக்கும், கடைசியில் மாடிப்படிக் கைப்பிடிக்கும் போய்ச் சேரும். எத்தனை முறை துவைத்தாலும் அதற்கு மறுபடியும் பானெட்டின் தரிசனம் கிடையாது.

ஒரு நாள் அவருடைய மனைவியார், வீட்டு வேலையின் நடுவே, கொடியில் இருந்த துணிகளையும் அவருடைய கதர் வேட்டிகளையும் ஒன்றாக வாஷிங் மிஷினில் போட்டு, துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தையும் ஒரு மூடி தாராளமாக ஊற்றிவிட்டார். "என்னங்க, உங்க துணியெல்லாம் எவ்வளவு வாசனையா இருக்கு பாருங்க!" என்று அந்த அம்மாள் பெருமையுடன் நீட்டியபோது, அவர் ஒன்றும் பேசவில்லை. பருத்தித் துணியின் பிசிறுகளை அந்த நுண்ணிழைகள் பற்றிக்கொண்டால் விடுவதில்லை என்பதையும், வாசனைத் திரவம் இழைகளின் மேல் படிந்து அவை நீரை உறிஞ்சும் சக்தியையே கெடுத்துவிடும் என்பதையும் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? மாடிப்படிக் கைப்பிடி அந்த மாதம் முழுவதும் மணத்தது.

எஞ்சிய துணிகளைக் கொண்டு அவர் செய்யும் காலை அநுஷ்டானம், அவசரக்காரர்கள் பார்க்கத் தகுந்தது அன்று. வண்டி வெயிலில் சூடேறியிருந்தால் தொடமாட்டார். முதலில், எதையும் தேய்க்காமல், மெல்லிய தாரையாகத் தண்ணீரை மேலிருந்து கீழே ஓடவிட்டு, தானாகப் போகிற தூசியைப் போகவிடுவார். போகாமல் நிற்கும் சொற்பத் தூசிக்கு, வழுக்கும் தன்மையுள்ள ஷாம்பு கலந்த நீரைத் தெளித்துச் சற்றே பொறுத்திருந்து, பிறகு நாலாக மடித்த துணியை, அதன் சொந்தக் கனத்தைத் தவிர வேறு பாரமில்லாமல் மேலே படியவைத்து, நேர்கோட்டில் ஒரே ஒரு முறை இழுப்பார், எடுப்பார், துணியின் முகத்தை மாற்றுவார். நாலாக மடித்த துணிக்கு எட்டு முகங்கள். எட்டும் தீர்ந்தால் அடுத்த துணி. கதவு ஒன்று முடிவதற்குள் காவலாளி இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். உலர்ந்த தூசியின் மேல் இறகுத் துடைப்பத்தை வீசுகிற வழக்கத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்காமல் இருப்பது உத்தமம்.

இந்த மனிதருக்கு ஒரு நல்ல குணம் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விடியற்காலையில் வந்து, ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே கந்தையிலும் குடியிருப்பின் கார்கள் அத்தனையையும் துடைத்துவிட்டுப் போகும் பையனை மற்றவர்கள் ஏசுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். இவரோ தம்முடைய பணத்தில் அவனுக்கு இரண்டு வாளிகள் வாங்கிக் கொடுத்து, ஒன்றில் துணியை அலசிவிட்டே மற்றதில் ஷாம்புக்குள் நனைக்க வேண்டும் என்று, ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாமல், நாள் தவறாமல் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார். இன்று அந்தப் பையன் விலையுயர்ந்த கார்களைக் கழுவும் ஒரு கடையில் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். வங்கியில் ஆயுள் முழுவதும் பிறர் கணக்கைப் பார்த்து ஓய்ந்த ஒருவருக்கு, உபதேசம் செய்யத் தகுந்த வித்தை ஒன்று கைவந்து, அதற்கு ஒரு சிஷ்யனும் வாய்த்துவிட்டால், முகத்தில் அப்படி ஒரு தெளிவு வரத்தான் செய்யும்.

பங்குனி பிறந்தால் அந்தத் தெளிவு போய்விடும். குடியிருப்பின் வாசலில் ஒரு புங்கமரம் இருக்கிறது. அது பூக்கத் தொடங்கியதும், பூவும் மகரந்தமும் அவருடைய காரின் மேல் இறங்கத் தொடங்கும். மகரந்தத் துகள் பூச்சிகளின் உடம்பில் பற்றிக்கொள்வதற்காக இயற்கை அதன்மேல் ஒரு எண்ணெய்ப் பசையைப் பூசி வைத்திருக்கிறது; வண்டும் பெயின்டும் அதற்கு ஒன்றுதான்; பனி ஈரம் சேர்ந்தால் இன்னும் இறுகும். இதையும் அவர் சரியாகவே சொல்கிறார். ஆனால், இந்தத் தாவர சாஸ்திரத்திலிருந்து அவர் வந்தடைந்த முடிவு, மரத்தை வெட்ட வேண்டும் என்பது. குடியிருப்போர் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், பூவைப் பற்றி ஒரு பக்கமும், மரத்தடியில் இஸ்திரி போடுகிறவரின் கரிப் பெட்டியிலிருந்து பறக்கும் சாம்பலைப் பற்றி இன்னொரு பக்கமுமாக எழுதி வந்து, தீர்மானமாக வாசித்தார்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. எங்கள் கட்டடம் எழும்புவதற்கு முன்பே அந்த இஸ்திரி வண்டி அந்த நிழலில் நிற்கிறது; சித்திரை வெயிலில், தணல் நிறைந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்கிறவருக்கு அந்த மரத்தைத் தவிர வேறு கூரை இல்லை. காருக்கோ கூரை இருக்கிறது. கட்டடத்தின் அடியில், எண் போட்டு, மஞ்சள் கோடு கிழித்து, விலை கொடுத்து வாங்கிய இடம் அவருக்கு உண்டு. பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறக்கும்போது இடித்துவிடுவார் என்ற பயத்தினால் அதைக் காலியாக விட்டு, வேறு எவரும் நிறுத்திவிடாதபடி இரண்டு துளசித் தொட்டிகளையும் வைத்துவிட்டு, வெயில் பட்டால் பெயின்ட் கெடும் என்று சொல்லி, வெட்டச் சொல்கிற அதே மரத்தின் நிழலில்தான் காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். உறை போட்டு மூடலாமே என்றால், உறைக்கு அடியில் சிக்கிய தூசி காற்றில் உரசுமாம், அதுவும் உண்மைதான். அவருடைய உண்மைகள் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வாக்குக்கு வருகிறது; என்னுடைய வாக்கு மரத்துக்கு. அதற்குள் அவர் அந்தத் துளசித் தொட்டிகளை நகர்த்திவிட்டால் வாக்கெடுப்பே வேண்டியதில்லை.