ஜிப் திறக்கும் பறவை

டாஸ்மேனியாவின் ஓவர்லேண்ட் டிராக் என்ற நடைபாதை 65 கிலோமீட்டர்; நடந்து முடிக்க வழக்கமாக ஆறு நாள் ஆகும். சீசனில் முன்பதிவு செய்து, பணம் கட்டி, வடக்கிலிருந்து தெற்காக மட்டுமே நடக்கலாம். காட்டுக்குள்ளும் ஒருவழிப் பாதை! தங்குவதற்குக் குடில்கள் உண்டு. ஆனாலும் கூடாரத்தைச் சுமந்தே தீரவேண்டும். குடில் நிரம்பிவிட்டால், திடீரென்று பனி கொட்டினால் என்ன செய்வது என்பார்கள். நியாயந்தான், முதுகுக்குத்தான் புரிவதில்லை.

எடையைக் குறைக்கப் பல் பிரஷ்ஷின் காம்பையே அறுத்துப்போடும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிராம் கணக்குப் பார்த்துக் கட்டிய முந்திரிக்கு உண்மையான சொந்தக்காரர் கறுப்புக் கரவாங் என்ற பறவை. கரிய உடல், மஞ்சள் கண். பையை இறக்கிவைத்துவிட்டு நாம் செல்ஃபி எடுப்பதற்குள், அலகால் ஜிப்பை இழுத்துத் திறந்து பாக்கெட்டைக் கிழித்திருக்கும். பைக்கு உறை மாட்டினால் தப்பிக்கலாமாம். சரி, அந்த உறையையும் நாமே சுமப்போம்.