இல்லாத கிளிப்புக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
சொந்தக் காரிலிருந்து இறங்க வழியில்லாதவன்,
யோகோஹாமா.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
உதிரிபாக உற்பத்தி நிறுத்தத் துறை,
ஜப்பான்.

பொருள்: வலது கதவு – உள் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் – எண்ணிக்கை ஒன்று – வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கவுண்டரில் நான் நின்ற நாட்கள்.

ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் துறையும் நலமாகத்தான் இருப்பீர்கள். இனி எதையும் செய்வதில்லை என்று தீர்மானித்துவிட்ட துறைக்கு நலக்குறைவு வர வழியில்லை. கம்பெனியின் பெயரை எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும். எந்தக் கம்பெனியில் பிரித்துப் படித்தாலும் ‘நமக்குத்தான் எழுதியிருக்கிறான்’ என்று நினைத்துக்கொள்ள வசதியாக இருக்கட்டுமே.

என்னுடையது ஷோவா 46இல், அதாவது 1971இல், பதிவான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். மாடலைச் சொல்லமாட்டேன், காருக்குச் சங்கடம். அது சாலைக்கு வந்த பிறகு இரண்டு சக்கரவர்த்திகள் அரியணை ஏறிவிட்டார்கள். இஞ்சினைப் பற்றிப் புகார் ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினால், பழைய வாத்தியார் மாதிரி இரண்டு முறை செருமிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடும். பிரச்சினை கிளிப்பில். விரல் நகத்தளவு பிளாஸ்டிக். கதவுக்குள்ளே, கைப்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர அதற்கு உலகில் வேறு வேலை கிடையாது. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்துவிட்டு, போன மழைக்காலத்தில் ஒரு நாள் சத்தமில்லாமல் ராஜினாமா செய்துவிட்டது.

அன்றிலிருந்து நான் இறங்க வேண்டுமானால் கண்ணாடியை இறக்கி, தோள்வரை கையை வெளியே நீட்டி, வெளிக் கைப்பிடியை இழுக்க வேண்டும். நல்ல வெயிலில் இது ஒரு ஸ்டைல். அடைமழையில் சூப்பர் மார்க்கெட் வாசலில் இதைச் செய்தால், திருடவந்த காரிலிருந்து தப்பிக்கத் தெரியாமல் விழிக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

தங்கள் கவுண்டர் ஊழியரை நான் குறை சொல்லவே மாட்டேன். சேஸிஸ் எண்ணைக் கேட்டார், தட்டினார். திரையில் என் கார்க் கதவு வாழைப்பூ மாதிரி மடல் மடலாகப் பிரிந்தது. கண்ணாடி ஒரு பக்கம், ரப்பர் பட்டை ஒரு பக்கம், திருகாணிகள் வரிசையாக. ஓர் ஓரத்தில் என் கிளிப். அதற்குப் பெயர் இருந்தது, பத்து இலக்க எண் இருந்தது, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பொருத்தினார்கள் என்பது இருந்தது. விலையும் இருந்தது: 80 யென். பிறகு அவர் பற்களுக்கு நடுவே காற்றை மெதுவாக உள்ளே இழுத்தார். இந்த ஊரில் பல வருடம் இருந்தவனுக்கு அந்த ‘ஸ்ஸ்’ புரியும். கல்யாணத் தரகர், “ஜாதகம் நல்ல ஜாதகம்தான், ஆனா...” என்று இழுப்பதற்குச் சமம் அது.

“செய்ஹாய்” என்றார்.

காதில் ‘செய்’ என்று தொடங்குகிற அந்தச் சொல்லுக்கு ‘இனிச் செய்யமாட்டோம்’ என்று பொருள் இருப்பது தமிழனுக்கு மட்டும் கிடைக்கிற கூடுதல் வேதனை. ‘கெப்பின்’ என்று இன்னொன்று உண்டு. அது கைவசம் இல்லை என்பது, காத்திருந்தால் வரலாம். கெப்பின் என்றால் காய்ச்சல், செய்ஹாய் என்றால் கருமாதி.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாத பொருளை இவ்வளவு துல்லியமாக அடையாளம் காட்டுகிற ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நிஸானில் எண் ஐந்தும் ஐந்துமாகப் பிரியும். முதல் ஐந்து என்ன சாமான் என்று சொல்லும். 15208 என்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு ஆயில் ஃபில்டர். பின்பாதி யார் வீட்டுச் சாமான் என்று சொல்லும். 05யு என்றிருந்தால் ஆர்32 ஜிடி-ஆர், 24யு என்றால் ஆர்33. ஹோண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று. நடு மூன்றுதான் கோத்திரம்: எஸ்எல்0 என்றால் என்எஸ்எக்ஸின் உடம்பு, பிஆர்7 என்றால் அதன் இஞ்சின், எஸ்எஸ்1 என்றால் குட்டிக் கார் பீட். மாஸ்டாவில் தலைகீழ்: வம்சம் முன்னால், சாமான் பின்னால். இதையெல்லாம் ஸ்லோகம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். துருவேறிய தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்து, தெரிகிற நான்கு எழுத்தை வைத்து அதன் குலம் கோத்திரம் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, ‘செய்ஹாய்’ என்பார்கள்.

இதைவிடச் சிறப்பு தங்கள் மாற்று எண் ஏற்பாடு. பழைய எண்ணைக் கொடுத்தால் புது எண் வரும். புது எண்ணைக் கொடுத்தால் அதைவிடப் புது எண். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா, பிள்ளை என்று கொடிவழி இறங்கிவந்து, கடைசிப் பிள்ளைக்கு வாரிசில்லை என்று முடியும். என் கிளிப்புக்கு நான்கு தலைமுறை. விவரம் தெரிந்தவர்கள் கடைசி எண்ணோடு நிற்பதில்லை. செத்துப்போன எண்கள் ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு தேடுவார்கள். ஏனென்றால் எங்கோ மலையடிவார ஊரில் மூடப்போகிற டீலர் ஒருவரின் அலமாரியில், கொள்ளுத்தாத்தா பெயர் எழுதிய பொட்டலம் ஒன்று இன்னும் பிரிக்காமல் கிடக்கலாம். இது உதிரிபாக வேட்டை இல்லை ஐயா, திவசத்துக்குப் பெயர் சேகரிக்கிற வேலை.

மாடல் பெயர் ஒன்றுதானே, சாமானும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் நம்பிய காலமும் உண்டு. 1969இல் வந்த நிஸான் ஃபேர்லேடி இஸட் வைத்திருக்கும் நண்பர் அந்த மூடநம்பிக்கையைத் தெளிவித்தார். அமெரிக்காவுக்குப் போன 240இஸட்டில் 2.4 லிட்டர் இஞ்சின். உள்ளூரில் வரி வகுப்புக்காக 2 லிட்டர். இஸட்432 என்றொரு அபூர்வப் பிள்ளைக்கோ ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஸ்20 இஞ்சின்; சிலிண்டருக்கு நான்கு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம்ஷாஃப்ட் என்பதுதான் அந்த 432. முதலில் வந்த 240இஸட்டின் பின்கதவிலேயே காற்றுத் துவாரம் இரண்டு இருக்கும். 1971இல் அவை பக்கத்துத் தூணுக்கு இடம்பெயர்ந்து வட்டமான இஸட் சின்னத்துக்குள் ஒளிந்துகொண்டன. ‘எழுபதுகளின் இஸட், பின்கதவு, நல்ல நிலை’ என்ற ஒரு வரியை நம்பிப் பணம் அனுப்புகிறவன் பெண்ணைப் பார்க்காமல் தாலி கட்டுகிறவன்.

தங்களிடம் இல்லை என்றானபின் நானும் ஊரெல்லாம் அலைந்தேன். பழைய கார்களைப் பிரித்துப் போடுகிறவரை இங்கே ‘கைதாய்யா’ என்பார்கள். என் காதில் அது ‘கை தா ஐயா’ என்றே விழும், பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் என் கார் வயதுக் கார் அவர் முற்றத்துக்கு வந்து பல காலம் ஆகிறதாம். கொஞ்சம் இளையவையோ முழு உடம்பாகவே கப்பலேறுகின்றன. அமெரிக்காவில் 25 வயது தாண்டிய காரை உள்ளே கொண்டுவர அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்பதில்லை. 1989இல் பிறந்த ஆர்32 ஜிடி-ஆருக்கு 2014இல் அந்த வாசல் திறந்தது. கார் கடல் கடந்தால் அதன் பசியும் கூடவே கடக்கும். இங்கே அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருந்த சாமான்களை அங்கிருந்து அள்ளிக்கொள்கிறார்கள்.

மிச்சமிருப்பது ஏலம். அதில் ‘தோஜிமோனோ’ என்றொரு மந்திரச் சொல் புழங்குகிறது. அந்தக் காலத்துச் சாமான் என்று அர்த்தம். ஒடிந்ததா, வெடித்ததா, எதிலிருந்து கழற்றியது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கரைந்துவிடும். கீழே பொடி எழுத்தில் புகாரும் கூடாது, திருப்பவும் கூடாது என்றிருக்கும். உங்கள் 80 யென் கிளிப்பை 4,800 யென்னுக்கு எடுத்தேன். பிரித்தால் இடது கதவுக்கானது! இடது, வலது என்பதை ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. விற்றவர் காருக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறார், சாமி கும்பிடுகிற மாதிரி.

தங்கள் இனத்தையே ஒட்டுமொத்தமாகப் பழித்தால் பாவம் வரும். ஹோண்டா, என்எஸ்எக்ஸ் பிறந்து மூன்றே வருடத்தில், 1993இலேயே அதற்குப் புத்துயிர்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பீட்டுக்குச் சில பாகங்களை 2017இல் மறுபடியும் செய்தது. மாஸ்டா தன் முதல் ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தருவதாக அறிவித்ததும், நிஸான் ஆர்32 ஜிடி-ஆருக்குப் பாகங்களைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே 2017இல்தான். டொயோட்டா 2019இல் பழைய சூப்ராக்களுக்கு அறிவித்த பட்டியலில், என் வயிறு எரிவதற்கென்றே, கதவுக் கைப்பிடி இருந்தது. அடுத்த வருடம் 2000ஜிடிக்குக் கியர்ப்பெட்டிப் பல்சக்கரம் வெட்டினார்கள். மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் பிறந்த கார் அது. பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குடும்பத்திலும் இந்த மரியாதை, சுவரில் படமாகத் தொங்கக்கூடிய முன்னோருக்கு மட்டும்தான். ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் இருக்கிறார்கள் ஐயா. பந்தயத்தில் ஜெயிக்காதவர்கள், சினிமாவில் வராதவர்கள். அவர்கள் வீட்டுக் கதவும் திறக்கத்தான் வேண்டும். கிளிப்புக்கு ரிப்பன் வெட்ட எந்தத் தலைவரும் வரப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தங்கள் பக்கத்து நியாயமும் எனக்குக் கொஞ்சம் தெரியும். கிளிப்பு செத்தது பிளாஸ்டிக் இல்லாமல் இல்லை, அச்சு இல்லாமல். அந்த இரும்பு அச்சு தங்கள் சொத்தாக இருக்கும். கிடப்பதோ சப்ளை செய்கிற சின்னக் கம்பெனியின் கொட்டகையில். இத்தகைய அச்சுகளைக் காசு கொடுக்காமல் வருடக்கணக்கில் வைத்திருக்கச் சொன்ன நிறுவனம் ஒன்றை ஜப்பானின் நியாய வணிக ஆணையம் 2024இல் கண்டித்தது. சரியான கண்டிப்பு. இடவாடகையைக் கொடுத்துவிடலாம் என்று சில துறைகள் நினைக்கும். அச்சையே உருக்கிவிட்டால் வாடகையே இல்லையே என்று தங்கள் துறை நினைக்கும்.

ஆகவே தோக்கியோவின் ஓட்டா வார்டில், சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். ஒடிந்த கிளிப்பைக் காலிப்பரில் வைத்துப் பார்த்தார். “ஒடிந்ததை அளந்தால் ஒடிந்த கிளிப்பைத்தான் செய்ய முடியும்” என்றார். ஏலத்தில் வந்த இடது கிளிப்பை எடுத்து நீட்டினேன். முகம் மலர்ந்து, கணினியில் அதைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, முப்பரிமாணத்தில் அச்சடித்துக் கொடுத்தார். பதினோரு நாள் கதவு உள்ளிருந்து திறந்தது. இல்லாத வேலையெல்லாம் கண்டுபிடித்துத் தினமும் பத்துத் தரம் இறங்கி ஏறினேன். பன்னிரண்டாம் நாள் பட்டென்று போனது. பெரியவர் துண்டுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: உருவம் கண்ணுக்குத் தெரிகிறது, எந்த வகைப் பிளாஸ்டிக், எவ்வளவு இறுக்கம், எவ்வளவு வளைந்தால் தாங்கும் என்பது வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும்.

இதற்கிடையில் வரிச் சீட்டும் வந்துவிட்டது. ஜப்பானில் பெட்ரோல் கார் 13 வயதைத் தாண்டினால் வாகன வரி சுமார் 15 சதவீதம் கூடும். எடை வரி என்று ஒன்று தனி. அது 13 வயதில் ஒரு முறை ஏறும், 18இல் இன்னொரு முறை ஏறும். என் காரின் எடை வருடாவருடம் துருவாக உதிர்ந்து குறைந்துகொண்டே வருகிறது என்பதைக் கேட்க ஆளில்லை. ஜெர்மனியில் 30 வயது தாண்டி அசல் உருவம் மாறாமல் இருக்கிற காருக்கு எண்பலகையில் ‘எச்’ என்று ஓர் எழுத்தும், வரியில் சலுகையும் தருகிறார்கள். அந்தக் கார்களுக்குக் கதவு எப்படித் திறக்கிறது என்று விசாரிக்கவில்லை, பொறாமை அதிகமாகிவிடும்.

எனவே கிளிப்பை நான் கேட்கவில்லை. மேலே ‘பொருள்’ என்ற இடத்தில் கேட்டிருப்பதை அடித்துவிடவும். அந்த வரைபடத்தை மட்டும் கொடுங்கள். ஒரே ஒரு தாள். அது ஷோவா காலத்துப் பென்சில் கோடாக இருக்கலாம், மைக்ரோ ஃபிலிமாக இருக்கலாம், தேநீர்க் கோப்பையின் வட்டம் பதிந்திருக்கலாம். நீங்கள் இனிச் செய்யப்போவதில்லை என்று எழுத்து மூலமாகவே சொல்லிவிட்ட ஒன்றின் ரகசியத்தை யாரிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள் என்பது எனக்கும் பெரியவருக்கும் விளங்கவில்லை. அவருக்கு எண்பது நெருங்குகிறது. பட்டறைக்கு வாரிசு இல்லை. ஆகவே பதிலுக்குத் தாங்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆறு வார காலத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் உபகாரமாக இருக்கும்.

இங்ஙனம்,
கண்ணாடியை இறக்கிய நிலையில்,
தங்கள் வாடிக்கையாளன்.

இணைப்பு: ஒடிந்த கிளிப் இரண்டு (அசல் ஒன்று, நகல் ஒன்று). இடது கதவுக் கிளிப்பை இணைக்கவில்லை. நேற்றிலிருந்து அந்தப் பக்கக் கைப்பிடியும் முனக ஆரம்பித்திருக்கிறது.