பட்டன் காலருக்கு லாக்கப்

1964 அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ். புல்லட் ரயில், புதுச் சாலை, புது ஹோட்டல் என்று ஜப்பான் ஊரையே கழுவித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கின்ஸாவின் கடைக்காரர்கள் ட்சுகிஜி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் மேல் போன் போட்டார்கள். மியுகித் தெருவில் பசங்க கும்பலாக நிற்கிறார்களாம். வெள்ளைக்காரன் வந்து பார்த்தால் நாட்டின் மானம் என்ன ஆவது?

பசங்க செய்த குற்றம்: காலருக்குப் பட்டன் வைத்த சட்டை, கணுக்காலுக்கு மேலே ஏறிய காட்டன் பேன்ட், பளபளக்கும் ஷூ, வகிடெடுத்துப் படிய வாரிய தலை. இன்று இதே கோலத்தில் போனால் வங்கியில் வேலை கொடுப்பார்கள், பெண்ணும் கொடுப்பார்கள். பையன்கள் வீட்டிலிருந்து பள்ளிச் சீருடையில் கிளம்பி, காபிக் கடைக் கழிவறையில் உடை மாற்றிக்கொண்டு, அக்குளில் ஒரு பெரிய காகிதப் பையை இடுக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார்கள். வந்து? சும்மா நிற்பார்கள். அவ்வளவுதான் கலகம்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு போலீஸ் பாய்ந்தது. சுமார் இருநூறு பேரை மறித்து, 85 பேரை ஸ்டேஷனுக்கு அள்ளிப்போனது. அந்தச் சட்டைகளை நாட்டுக்கு அறிமுகப்படுத்திய 'வான் ஜாக்கெட்' முதலாளி கென்சுகே இஷிஸுவிடமும் போய், "பசங்களுக்கு நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டது. தீ வைத்தவரிடமே வாளியைக் கொடுத்த கதை. இத்தனைக்கும் அது அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் உடை. எந்த வெள்ளைக்காரனுக்குப் பயந்தார்களோ, அவனே அதைத்தான் போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கப்போகிறான்! அடுத்த மாதம் தொடக்க விழாவில் ஜப்பான் அணி சிவப்பு பிளேஸர், வெள்ளைக் கால்சட்டையில் மிடுக்காக நடந்துவந்தது. அவர்களை யாரும் மறிக்கவில்லை.

பிறகு ஹெட்மாஸ்டர்கள் முறை. 70களில் ரவுடிப் பெண் என்றால் கணுக்கால்வரை தொங்கும் சீருடைப் பாவாடை, "ஏன் இவ்வளவு நீளம்?" என்று அதட்டல். 90களில் ரவுடிப் பெண் என்றால் இடுப்பில் சுருட்டி ஏற்றிய பாவாடை; "ஏன் இவ்வளவு குட்டை?" என்று அதே அதட்டல். டேப் ஒன்றுதான், பிடித்த முனைதான் மாறியது.

குட்டைப் பாவாடைக்குக் கீழே யானைக்கால் மாதிரி மடிமடியாகச் சரியும் வெள்ளை சாக்ஸ். அது தரைவரை இறங்காமல் நிற்பதன் ரகசியம் பசை! 70களில் விற்று மறந்துபோன சாக்ஸ் பசைக்கு மறுபிறவி கிடைத்தது. உருளை முனையுள்ள குப்பியால் கெண்டைக்காலில் ஒரு வட்டம் இழுத்து, சாக்ஸை வைத்து அழுத்தவேண்டும். சாயங்காலம் உரித்தெடுக்கவேண்டும். இதைக் கண்டித்த ஆசிரியர்கள் காலையில் தலைக்கு என்ன தடவிக்கொண்டு வந்தார்கள் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

பள்ளிக்கு வெளியேயும் இதே கதை. டோக்கியோவின் ஹராஜுகு வட்டாரத்தில் 1977 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையை வண்டிகளுக்கு மூடிவிட, அங்கே சாட்டின் அங்கி, மணிமாலை, விசில் சகிதம் டேப்ரெக்கார்டரைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக ஆடினார்கள். தகேஷிதா தெருவில் 'தகேனோகோ' என்ற கடை அந்த அங்கிகளைத் தைத்து விற்றே பிரபலமாயிற்று. பின்னால் வந்த லோலிடாப் பெண்கள் பாவம், கழுத்திலிருந்து முழங்கால்வரை ஃபிரில், தலையில் தொப்பி, கையில் குடை. இதைவிட அடக்கமாக உடுத்த முடியாது. அதற்கும் முகம் சுளித்தார்கள். 2009இல் வெளியுறவுத் துறைக்கு ஞானோதயம் வந்து, மூன்று பெண்களைக் 'கவாய்' (கொஞ்சும் அழகு) தூதர்களாக நியமித்தது. ஒருவர் லோலிடா, ஒருவர் ஹராஜுகு பாணி, மூன்றாமவர் பள்ளிச் சீருடை!

ஆனால் போலீஸாலும் ஹெட்மாஸ்டராலும் ஆகாத காரியத்தை ஒரு கடை முடித்தது என்பது என் கட்சி. சத்தம், குப்பை, நெரிசல் என்று புகார் குவிந்து ஹராஜுகுவின் ஞாயிறு ஆட்டத்துக்கு முடிவு கட்டப்பட்டது 1998இல். அதே ஆண்டு அதே ஹராஜுகுவில் யுனிக்ளோ கடை திறந்து, 1,900 யென்னுக்கு ஃபிளீஸ் சட்டையை அடுக்கிவைத்தது. 2000ஆம் ஆண்டில் மட்டும் 2.6 கோடி சட்டைகள் விற்றன. தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் ஒரே சட்டை. யாரைப் பார்த்து யார் திட்டுவது?

ஹராஜுகு தெருப் பிள்ளைகளைப் படம்பிடித்து 1997 முதல் 'ஃப்ரூட்ஸ்' இதழை நடத்திவந்த ஷோய்ச்சி ஆவோகி, 2017இல் அதை நிறுத்தினார். படம் எடுக்கிற மாதிரி உடுத்திக்கொண்டு யாரும் வருவதில்லை என்றார்.