டி லனாய்க்கு ஒரு வாரிசு

எங்கள் வட்டக்கோட்டை வீட்டில் அந்தக் காலத்தில் யாரும் நாய் வளர்த்ததில்லை. நாய் தானாக வளர்ந்தது. சொந்தக்காரர் வீட்டு வைக்கோல் படப்பில் ஈன்ற குட்டிகளில் ஒன்றை ஆச்சி ஓலைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவாள். பெயருக்கு யோசிக்க வேண்டாம். முந்தைய மணி செத்திருந்தால் இது மணி. தார்சாப் படிவரை அதன் ராஜ்யம், படி தாண்டினால் வாரியல். மத்தியானம் சாளை முள்ளும் மிச்சச் சோறும்; ராத்திரி புறக்கடையில் வெந்நீர் அடுப்புச் சாம்பலில் தூக்கம். சந்தைக்கூட்டம் போன்ற வீட்டில் அதற்கென்று ஒதுக்க யாருக்கும் நேரமில்லை. அதுவும் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

தடுப்பூசி? அது எங்களுக்கு. கடித்துவிட்டு மணி வேப்பமர நிழலில் படுத்திருக்கும். கடிபட்டவன் ஆஸ்பத்திரி வரிசையில் சட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்பான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் அதைப் பல காலம் தயாரித்தது. இப்போது நாய் ஊசி போட்டுக்கொள்கிறது, நாம் பணம் கட்டுகிறோம். ஆறேழு வாரத்தில் ஆரம்பித்து 16 வாரம்வரை தவணை. நடுவே மூன்றாம் மாதம் வெறிநோய்க்கு. பார்வோ கிருமியை உலகமே கண்டுகொண்டது 1978-இல். ஆச்சி கணக்கில் குட்டி செத்தால் அது கண்ணேறு. 'அந்தக் காலத்தில் நாய்க்கு நோயே கிடையாது' என்று திண்ணையில் பேசுகிறவர்கள், தென்னை மூட்டில் குழி தோண்டியதை மறந்தவர்கள்.

இன்றைய குட்டி நாகர்கோவிலிலிருந்து காரில் வந்த லாப்ரடார். 2005-இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் நாய் வேண்டாமாம். பேரன் சொல்கிறான், அது முறைக்கிறதாம். நியூஃபவுண்ட்லாந்துக் குளிரில் மீனவரோடு திரிந்த வம்சம், எங்கள் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறது.

தின்றதும், தூங்கி எழும்பியதும், விளையாடி முடித்ததும் அதை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சரியான இடத்தில் ஒன்றுக்குப் போனால் அந்தக் கணமே தின்பண்டம், பாராட்டு. தவறினால் அதட்டக்கூடாது. அதட்டினால் 'இங்கே போகக்கூடாது' என்று படிக்காது, 'இவர் கண்ணில் படாமல் போகணும்' என்றுதான் படிக்கும் என்கிறாள் மருமகள். நியாயந்தான். என் பிள்ளைப்பிராயத்தில் அந்த நியாயம் எந்த ஊரில் இருந்ததோ!

மீன்குழம்புச் சோற்றை நீட்டினேன். "பாட்டா, அதுல உள்ளி கிடக்கு, நாய்க்கு ஆகாது." மகன் 'சிட்' என்கிறான், பேரன் 'உட்காரு' என்கிறான், என் வீட்டுக்காரி 'இரிலே' என்கிறாள். அது மூன்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு மட்டும் வந்து உட்காருகிறது.

எங்கள் ஊர்க் கோட்டையைக் கருங்கல்லில் பலப்படுத்திய டி லனாய், 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர். கைதியாக வந்தவர் பிடித்தவர்களின் படைக்கே பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தானாகி, 1777-இல் சாகும்வரை திருவிதாங்கூரிலேயே இருந்தார். எங்கள் வீட்டுக் கைதிக்குப் போர்கூடத் தேவைப்படவில்லை. கட்டிலில் ஏறக்கூடாது என்ற சட்டம் முதல் இடிமழையில் போயிற்று. செருப்புகள் தாமாகப் பரணுக்கு ஏறிவிட்டன. காலை ஐந்து மணிக்கு அது லேசாக முனகினால் போதும், மகன் எழும்பிச் சங்கிலியைத் தேடுகிறான். பள்ளிக்கூடக் காலத்தில் அவனை எழுப்ப அவன் அம்மை செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றுவாள், புரண்டு படுப்பான்.