திருக்கை வாலுக்கு என்ன வெலை?

வா அப்பு, இந்தப் பலகையில உக்காரு. கையில உறை, கால்ல பூட்ஸு, தோள்ல ஐஸ் பொட்டி. வலை இழுக்க வந்தவன் மாதிரியும் தெரியலை, மீன் வாங்க வந்தவன் மாதிரியும் தெரியலை. மீன் நஞ்சை ஆராய்ச்சி பண்ண வந்திருக்கியாமே! நாங்க அம்பது வருஷமா வெட்டி எறியிற வாலைத் தேடி நீ பாம்பனுக்கு பஸ் ஏறி வந்திருக்கே. நல்லா இருப்பே.

திருக்கை வலையில விழுந்தா எங்களுக்கு மொத வேலை, வாலை முள்ளோட நறுக்கிக் கடல்ல போடுறது. இந்தா, இதைக் கிட்டத்துல பாரு. தொடாதே, பாருன்னுதான சொன்னேன். ரெண்டு ஓரமும் ரம்பப்பல்லு, அதுவும் பின்னால பாத்த பல்லு. உள்ள போறது சுளுவு, வெளிய வர்றப்ப சதையைக் கிழிச்சுட்டுத்தான் வரும். அடிப்பக்கம் ரெண்டு பள்ளம் ஓடுதே, அதுல இருக்கிற சதையிலதான் நஞ்சு. மேல மெல்லிசா ஒரு தோலு. குத்துற வேகத்துல அது கிழிஞ்சாத்தான் நஞ்சு எறங்கும். பாம்புக்கு இருக்கிற பையும் குழாய்ப் பல்லும் இதுக்குக் கெடையாது. ஊசியில உறிஞ்சிக்கலாம்னு வந்திருந்தா, ஊசியைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு டீ குடி.

எனக்கு இருபது வயசுல கணுக்கால்ல குத்துச்சு. "எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு"ன்னு ஊரு பூரா சொன்னேன். ராவெல்லாம் நான் போட்ட கூப்பாடு ஆத்தாவுக்குத்தான் தெரியும். புகையிலை, சுண்ணாம்பு, பக்கத்து வீட்டுக் கெழவி துப்புன வெத்தலை எச்சில்னு எல்லாத்தையும் பூசிப் பாத்துட்டு, ஒண்ணும் கேக்கலைன்னதும் சுடுதண்ணியில காலை முக்கி வச்சா. அதுக்கப்புறம்தான் வலி எறங்குச்சு. ஆத்தாவுக்கு அந்தக் காலத்துலயே விஞ்ஞானம் தெரியும்னு நான் பீத்திக்க மாட்டேன். எச்சிலும் அவ வைத்தியம்தான்.

அந்தத் தண்ணி ஏன் கேட்டுச்சுன்னு பின்னாடிதான் சொன்னாக. மீன் நஞ்சுல பெரும்பாலும் புரதமாம். சூடு பட்டா முட்டை வெந்த மாதிரி ஆயிரும். எனக்கு நல்லதாப் போச்சு, ஒனக்குத்தான் அப்பு வில்லங்கம். அந்தப் புரதம் சூட்டுல கெடும், காயவச்சாக் கெடும், உறைய வச்சு எடுத்தாலும் வீரியம் கொறையும். போதாததுக்கு மீனோட வழுவழுப்பும் கூடவே வந்து ஒட்டிக்கும். நீ ஊருக்குப் போய்ப் பொட்டியைத் தொறக்குறப்ப நஞ்சு செத்துக் கெடக்கும். கருமாதிக்கு எனக்கும் சொல்லிவிடு.

பேத்தை மீனை இதோட சேத்துக் கொழப்பிக்காதே. அது குத்தாது. தின்னாத்தான் கொல்லும், கொதிக்க வச்சாலும் அதோட நஞ்சு போகாது. சுடுதண்ணி ஜம்பமெல்லாம் அதுகிட்டப் பலிக்காது.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காதே. ஒன்னை மாதிரி படிச்சவுகளுக்குப் படகு ஓட்டுனதுல, வாடகை போகக் காதுல விழுந்தது. வர்ற அம்புட்டுப் பேரும் கல்லுமீனைத்தான் கேப்பாக. கல்லோட கல்லாக் கெடக்கும், முதுகுல 13 முள்ளு. மிதிச்சவன் அப்புறம் எந்தக் கல்லு மேலயும் காலு வைக்க மாட்டான். அதோட நஞ்சுக்கு ஸ்டோனஸ்டாக்சின்னு பேராம். ரெண்டு புரதம் அண்ணன் தம்பி மாதிரி சேந்து ரத்தச் செல்லுல ஓட்டை போடுமாம். ஆஸ்திரேலியாவுல 2015-ல அதோட வடிவத்தைக் கண்டுபுடிச்சுட்டு ஒரு சேதி சொன்னாக. நம்ம ஒடம்புலயே, கிருமி பூந்த செல்லை ஓட்டை போட்டுக் கொல்லுற பெர்ஃபோரின்னு ஒண்ணு இருக்காம்ல, அதுக்கு இது தூரத்துச் சொந்தமாம். பங்காளியா இருக்கப்போயித்தான் இந்தக் குத்து குத்துது! மாத்து மருந்தும் அந்த நாட்டுலயே குதிரைக்கு நஞ்சைக் குத்தி 1959-லயே செஞ்சுட்டாக.

பசிபிக் கடல்ல வெரலு நீளத்துல ஒரு மீனு, பல்லுல நஞ்சாம். கடிச்சா வலியே இல்லாம ரத்த அழுத்தத்தை மட்டும் எறக்கிவிடுமாம். 2017-ல பிரிச்சுப் பாத்தப்ப அதுல அபினி மாதிரி வேலை செய்யிற சரக்கும் இருந்துச்சாம். எங்க ஊரு வட்டிக்காரரு ஞாபகம்தான் வந்துச்சு.

அதையெல்லாம் அவுக பாத்துக்கட்டும். நீ கெளுத்தியைப் பாரு. கெளுத்தி வகையில மட்டும் 1,250 இனத்துக்கு மேல நஞ்சு இருக்கலாம்னு 2009-லயே ஒரு அமெரிக்கக்காரர் கணக்குச் சொன்னாரு. கல்லுமீனு மிதிச்சவன் எங்க தெருவுல ஒருத்தன் கூடக் கெடையாது. கெளுத்தி குத்தாத பொம்பளை கையி ஒண்ணு காட்டு பாப்போம். முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணுன்னு மூணு முள்ளு. வெறைச்சுக்கிட்டா மடக்க முடியாது. செத்த மீனு கூடக் குத்தும். கெளுத்தின்னு சொன்னா ஒங்க வாத்தியாரு மொகம் சுளிப்பாரு. சுளிக்கட்டும், குத்து வாங்குறது அவரு இல்லையே.

குத்துச்சுன்னா, நல்ல காலை மொதல்ல தண்ணியில விட்டுச் சூடு பாரு. குத்து வாங்குன காலுக்கு வலியில சூடு தெரியாது, வெந்துரும். 45 டிகிரி போதும், அரை மணியிலேருந்து ஒண்ணரை மணி வரைக்கும் வச்சிரு. வலி கொறைஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிரு, உள்ள முள்ளுத் துண்டு ஒடைஞ்சு கெடக்கலாம்.

அப்புறம் அப்பு, நேத்து வரைக்கும் திருக்கை வாலு சும்மாதான். நீ பொட்டியோட வந்துட்டே, இன்னைக்கு ஒண்ணு அம்பது ரூவா. கெளுத்தி முள்ளு வேணும்னா எங்க வீட்டு அப்பத்தாகிட்டப் பேசிக்க, அவ வெலை கொறைக்க மாட்டா.